இது எந்தக் கணத்தின் படம்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேமராவின் ஷட்டர். திருமண மண்டபத்தில் படம் எடுப்பவர் தோளில் தொங்கும் கேமராவைப் பற்றி நான் பேச வரவில்லை. பாட்டில் நிரப்பும் ஆலையிலும், மருந்து அட்டை அடைக்கும் கூடத்திலும், மின்னணுப் பலகை செய்யும் வரிசையிலும், கைப்பிடிக்குள் அடங்கும் உலோகப் பெட்டியாக, இரவு பகல் பாராமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அந்தத் தொழில்துறைக் கேமராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் மின்னணு ஷட்டர் எப்படி வேலை செய்கிறது, எத்தனை விதமாக வேலை செய்கிறது, தவறான விதத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு.

ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் நாம் என்ன கேட்கிறோம்? இது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்கிறோம். ஆண்டு தெரிந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் ஓடுகிற பொருளை அளக்க ஒரு படம் எடுத்தால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது எந்தக் கணத்தின் படம்? படத்தின் மேல் வரியும் கீழ் வரியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவைதானா? இதென்ன கேள்வி, ஒரு படம் என்றால் ஒரு கணம்தானே என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்புத்தான் பிழை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசி எடுக்கிற படங்களில் பெரும்பாலானவை ஒரே கணத்தின் படங்கள் அல்ல!

முதலில், மின்னணு ஷட்டர் எதற்கு? பழைய கேமராவில் இருந்ததுபோல் திரையோ தகடோ திறந்து மூடினால் போதாதா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல புகைப்படக் கேமராவின் இயந்திர ஷட்டர் ஒரு லட்சம் முறை முதல் நான்கைந்து லட்சம் முறை வரை இயங்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். விநாடிக்கு 10 பாட்டில் ஓடும் வரிசையில் மணிக்கு 36,000 படங்கள். ஒரு லட்சம் முறை என்பது மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். நான்கு லட்சம் முறை இயங்கும் உயர்ந்த ஷட்டரும் பன்னிரண்டு மணி நேரம் தாங்காது. காலையில் மாட்டிய ஷட்டரை மாலையில் கழற்றி எறிய முடியுமா? ஆகவே அசையும் பாகமே இல்லாத ஷட்டர் வேண்டும். ஒளி எப்போதும் சென்சாரின் மீது விழுந்துகொண்டே இருக்கும்; எந்த நேரத்தில் விழுந்த ஒளியைக் கணக்கில் எடுப்பது, எதைக் கீழே கொட்டிவிடுவது என்பதைச் சென்சாரே தீர்மானிக்கும். அதுதான் மின்னணு ஷட்டர்.

அது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு ஃபோட்டோடையோடு இருக்கிறது. ஒளி பட்டால் அதில் எலக்ட்ரான்கள் சேரும். படம் எடுக்கும் நேரம் வந்ததும் முதலில் அதுவரை சேர்ந்ததையெல்லாம் வடித்து வெறுமையாக்குகிறார்கள். இதற்கு ரீசெட் என்று பெயர். அந்த நொடியிலிருந்து புதிதாக எலக்ட்ரான் சேர்கிறது. குறித்த நேரம் முடிந்ததும் சேர்ந்த மின்னூட்டத்தை அங்கிருந்து நகர்த்தி, அளந்து, எண்ணாக மாற்றுகிறார்கள். வெறுமையாக்கியதற்கும் நகர்த்தியதற்கும் இடைப்பட்ட நேரம் எக்ஸ்போஷர். தொடக்கமும் முடிவும் வெறும் மின்துடிப்புகள்.

ஒரு பிக்சலுக்கு இது சரி. ஆனால் சென்சாரில் இருப்பது ஒரு பிக்சலா? இருபது லட்சம், ஐம்பது லட்சம், இரண்டு கோடி பிக்சல்கள்! இத்தனைக்கும் தொடக்கமும் முடிவும் ஒரே கணத்தில் நிகழ்கின்றனவா? இங்கேதான் ஷட்டர் முறைகள் பிரிகின்றன.

இன்று சாதாரணமாகப் பயன்படும் சிமாஸ் (CMOS) வகைச் சென்சாரில் மின்னூட்டத்தை எண்ணாக மாற்றும் சுற்று பிக்சலுக்கு ஒன்று என்று கிடையாது. நெடுவரிசைக்கு ஒன்று என்று, சென்சாரின் ஓரத்தில் இருக்கும். ஆயிரம் கிடைவரிசைகளும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முதல் வரிசை வந்து முடித்தால்தான் இரண்டாவது வரிசை வரலாம். பிக்சலுக்குள் காத்திருக்க இடம் கிடையாது. வெளியே போகும் முறை வரும்வரை ஒளி சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் எல்லா வரிசைக்கும் சமமான எக்ஸ்போஷர் கிடைப்பது எப்படி? வெளியேறும் நேரம் தள்ளித் தள்ளி வருவதால் தொடங்கும் நேரத்தையும் அதே அளவு தள்ளித் தள்ளி வைத்துவிடுகிறார்கள். முதல் வரிசை இப்போது தொடங்கும். அடுத்தது 10 மைக்ரோ விநாடி கழித்து. அதற்கு அடுத்தது மேலும் 10 மைக்ரோ விநாடி கழித்து. இப்படி மேலிருந்து கீழே உருண்டு வருவதால் இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்கிறார்கள். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பதிவேடு சரியாக இருக்கும். ஆனால் ஒரு பையன் முதல் பெஞ்சில் தன் பெயருக்குக் குரல் கொடுத்துவிட்டு, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து, கடைசி பெஞ்சில் நண்பன் பெயருக்கும் குரல் கொடுத்தால்? பதிவேட்டில் இருவர் இருப்பார்கள். வகுப்பில் ஒருவன்தான் இருப்பான். ஆசிரியர் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு வரியும் அந்தந்த நேரத்தில் உண்மை. வரிகளைச் சேர்த்த பதிவேடு மட்டும் எந்த நேரத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

இதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவோம். ஆயிரம் வரிசை, வரிசைக்கு 10 மைக்ரோ விநாடி. மேலிருந்து கீழே வந்து சேர 10 மில்லி விநாடி. கன்வேயர் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது. 10 மில்லி விநாடியில் பாட்டில் எவ்வளவு நகரும்? 10 மில்லிமீட்டர், ஒரு சென்டிமீட்டர். படத்தின் உயரம் முழுவதையும் பாட்டில் நிறைத்தால், மூடி பதிவானபோது பாட்டில் ஓரிடத்தில் இருந்தது; அடிப்பாகம் பதிவானபோது ஒரு சென்டிமீட்டர் முன்னால் போய்விட்டது. நிமிர்ந்து நிற்கும் பாட்டில் படத்தில் சாய்ந்து நிற்கும்.

சரி, சாய்ந்து தெரிந்தால் என்ன, கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதே என்பீர்கள். அங்கே பார்க்கப் போவது மனிதக் கண் இல்லை, நண்பர்களே! மென்பொருள் பார்க்கிறது. சாய்ந்த பாட்டிலைத் தள்ளிவிடு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது நல்ல பாட்டிலைத் தள்ளும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். எதிர்த் திசையில் அதே அளவு உண்மையாகவே சாய்ந்த பாட்டில் ஒன்று வந்தால்? இரண்டு சாய்வும் கழிந்துபோய், படத்தில் அது நேராக நிற்கும். நல்லது வெளியே, கெட்டது உள்ளே. இதைவிடப் பெரிய கேடு ஓர் ஆய்வுக் கேமராவுக்கு வேறு என்ன வேண்டும்?

பொருள் படத்தின் மேலிருந்து கீழாக ஓடினால் சாய்வு வராது, நீளம் மாறும். அந்த ஆயிரம் வரிசையும் 100 மில்லிமீட்டர் பரப்பைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சென்சார் அந்தப் பரப்பை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருடிக்கொண்டு போகிறது. பொருள் அதே திசையில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் 20 மில்லிமீட்டர் வாஷர் 22.2 மில்லிமீட்டராக நீளும். எதிர்த் திசையில் ஓடினால் 18.2 மில்லிமீட்டராகக் குறுகும். வட்டமான வாஷர் முட்டை வடிவமாகும். நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கிறேன் என்று சொல்லி விற்கப்பட்ட கருவி இரண்டு மில்லிமீட்டர் தவறாகச் சொல்லும்!

இந்த இடத்தில் பலர் ஒரு மருந்து சொல்வார்கள். எக்ஸ்போஷரைக் குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். தயவுசெய்து இதை நன்றாகக் கேளுங்கள்; இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரைக் குறைத்தால் மங்கல் குறையும், கோணல் குறையாது. 100 மைக்ரோ விநாடி எக்ஸ்போஷரில் பாட்டில் நகர்வது 0.1 மில்லிமீட்டர்தான், விளிம்பு கத்தியாகத் தெரியும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் சாய்வு அப்படியே நிற்கும். ஏனென்றால் சாய்வு ஒவ்வொரு வரிசையும் எவ்வளவு நேரம் பார்த்தது என்பதால் வரவில்லை. வரிசைகள் வெவ்வேறு நேரத்தில் பார்த்ததால் வருகிறது. எவ்வளவு நேரம் என்பது ஒரு கேள்வி. எந்த நேரம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாம் கேள்விக்குக் கொடுத்தால், பொய்யான படம் இன்னும் தெளிவாகக் கிடைக்கும். மங்கலான படத்தையாவது யாரும் சந்தேகிப்பார்கள். தெளிவான பொய்யை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்?

இது மின்னணுக் காலத்தில் பிறந்த குறை என்றும் எண்ண வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ழாக் ஹென்றி லார்த்திக் என்ற இளைஞர் எடுத்த பந்தயக் கார் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் காரின் பின்சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பார்கள். அவருடைய கேமராவில் ஒரு குறுகிய பிளவு தகட்டின் குறுக்கே ஓடி, படத்தைத் துண்டு துண்டாகப் பதித்தது. கார் ஓடியது, கேமராவையும் அவர் திருப்பினார், பிளவும் ஓடியது. கலைக்கு அது பெரும் கொடை. அந்தச் சக்கரத்தின் விட்டத்தை அந்தப் படத்திலிருந்து அளக்கச் சொன்னால்தான் தொல்லை.

அப்படியானால் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்க வழியே இல்லையா? இருந்தது. வெகுகாலமாகவே இருந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சாதனத்தை உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். தொழிற்சாலைகளில் பரவிய சிசிடி வகையில் ஒவ்வொரு ஃபோட்டோடையோடுக்கும் பக்கத்தில், ஒளி புகாதபடி உலோகத்தால் மூடிய ஒரு பாதை உண்டு. நேரம் முடிந்ததும் ஒரே துடிப்பில் எல்லாப் பிக்சலின் மின்னூட்டமும் பக்கத்து இருட்டுக்குள் நகர்ந்துவிடும். பிறகு வரிசை வரிசையாக வெளியே போகட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். படம் இருட்டில் பத்திரமாக இருக்கிறது. எல்லாப் பிக்சலும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் இந்த முறைக்குக் குளோபல் ஷட்டர் என்று பெயர். சிசிடி கேமராவோடு தொழில் கற்ற தலைமுறை ஷட்டர் முறை என்ற கேள்வியையே கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு சிமாஸ் வந்தது. 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விலை குறைவு, வேகம் அதிகம், மின்சாரம் கொஞ்சம் போதும். ஆனால் பிக்சலுக்குள் நான்கு டிரான்சிஸ்டர்தான், காத்திருக்க இடமில்லை. ரோலிங் ஷட்டரின் ஆட்சி அப்படித்தான் தொடங்கியது. இருட்டறை மறுபடி வர வேண்டுமென்றால் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் கூடுதல் டிரான்சிஸ்டரும், மூடிய சேமிப்பிடமும் வைக்க வேண்டும். சில மைக்ரான் அகலமுள்ள சதுரத்துக்குள் ஒரு வீட்டையும் அதற்கு ஓர் உள்ளறையையும் கட்டும் வேலை அது! ஒளியை வாங்கும் இடம் சுருங்கும், சேமிப்பிடம் இரைச்சலைச் சேர்க்கும். பல ஆண்டுகள் சிமாஸ் குளோபல் ஷட்டர் என்றால் படம் சற்று மட்டம் என்ற பெயர் இருந்தது.

2013இல் சோனி தன் பிரீஜியஸ் வரிசையின் முதல் சென்சாரான ஐஎம்எக்ஸ் 174ஐக் கொண்டுவந்தபோது அந்தப் பெயர் மாறத் தொடங்கியது. பிக்சல் அகலம் 5.86 மைக்ரான், மொத்தம் 23 லட்சம் பிக்சல். அடுத்த தலைமுறையில் பிக்சல் 3.45 மைக்ரானாகச் சுருங்கியது. பின்னால் வந்த பிரீஜியஸ் எஸ் வகையில் 2.74 மைக்ரான். 2015இலேயே சிசிடி உற்பத்தியை நிறுத்தப் போவதாக சோனி தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டது. ஒரு யுகம் முடிந்து இன்னொன்று பிறந்ததை நம் தொழில் இரண்டே ஆண்டுகளுக்குள் பார்த்தது.

குளோபல் ஷட்டர் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. இருட்டறையில் ஒளி கசியும். உள்ளறையின் கூரை எவ்வளவு நன்றாக வேய்ந்தாலும் சிறிதளவு ஒளி உள்ளே புகுந்துவிடும். எவ்வளவு புகுந்தால் தொல்லை? எக்ஸ்போஷர் 10 மைக்ரோ விநாடி, படம் முழுதும் வெளியேற 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசை தான் ஒளி வாங்கிய நேரத்தைப் போல் ஆயிரம் மடங்கு நேரம் இருட்டறையில் காத்திருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் கசிகிறது என்றாலும், ஆயிரம் மடங்கு நேரத்தில் அது உண்மையான படத்தில் பத்தில் ஒரு பங்காகிவிடும். வெல்டிங் தீப்பொறியையோ லேசர் வெட்டையோ பார்க்கும் கேமராவில் கீழே போகப் போக ஒரு பேய் நிழல் கூடுமே, அதன் மூலம் இதுதான். மிகக் குறைந்த எக்ஸ்போஷரும் மிகுந்த ஒளியும் சேரும் இடத்தில், கசிவுக்கான எண்ணை விவரத்தாளில் பார்க்காமல் கேமரா வாங்காதீர்கள்.

குளோபல் ஷட்டருக்கு விலையும் உண்டு. பணத்தை மட்டும் சொல்லவில்லை. 2023 நவம்பரில் சோனி தன் ஏ9 புகைப்படக் கேமரா வரிசையின் மூன்றாம் பதிப்பை முழு அளவு குளோபல் ஷட்டர் சென்சாரோடு அறிவித்தது. விநாடியில் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு வரை எக்ஸ்போஷர் தரும் அற்புதமான கருவி. ஆனால் முந்தைய பதிப்பில் 100ஆக இருந்த அடிப்படை ஐஎஸ்ஓ இதில் 250. உள்ளறைக்கு இடம் விட்டதன் விலை அந்த எண்ணில் தெரிகிறது.

ரோலிங்குக்கும் குளோபலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு முறை உண்டு. குளோபல் ரீசெட் என்பார்கள். தொழில்துறைக் கேமராக்களுக்கான பொது இலக்கணமான ஜென்ஐகேம் இந்த மூன்றையும் ஷட்டர் முறைகளாக வகுத்து வைத்திருக்கிறது. இந்த மூன்றாவது முறையில் எல்லா வரிசையும் ஒரே கணத்தில் வெறுமையாகித் தொடங்கும். முடிவது மட்டும் வரிசை வரிசையாக. முதல் வரிசைக்கு ஒரு மில்லி விநாடி எக்ஸ்போஷர் என்றால், கடைசி வரிசைக்குப் பதினோரு மில்லி விநாடி. மேலே இருள், கீழே வெளிச்சம். மேலே தெளிவு, கீழே மங்கல். இதை வைத்து என்ன செய்வது?

விளக்கை அணைத்துவிடுங்கள்! கேமராவையும் பொருளையும் ஒரு கூண்டுக்குள் அடைத்து வெளி ஒளியைத் தடுத்துவிட்டு, எல்லா வரிசையும் திறந்திருக்கும் தருணத்தில் 50 மைக்ரோ விநாடி எல்இடி ஃப்ளாஷ் ஒன்றை அடியுங்கள். திறந்திருப்பது எவ்வளவு நேரமானாலும், ஒளி வந்தது அந்த 50 மைக்ரோ விநாடிதான். ஷட்டரின் வேலையை விளக்கு செய்துவிடுகிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் பொருள் அதற்குள் நகர்வது 0.05 மில்லிமீட்டர். கூண்டு அடைக்க முடியாத இடத்தில், ஒரே நிற ஒளி தரும் எல்இடியையும், அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியை லென்ஸ் முன்னாலும் வைத்துச் சமாளிக்கலாம். குறைந்த விலைச் சென்சாரில் குளோபல் ஷட்டரின் பயனைப் பெறும் இந்த உத்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். பணம் இருப்பவர் கேமராவை மாற்றுவார்; ஒளியைப் புரிந்தவர் விளக்கை மாற்றுவார்.

ரோலிங் ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்கலாம், ஒரு கட்டுப்பாட்டோடு. வரிசைகள் வெளியேற 10 மில்லி விநாடி ஆகிறது என்றால் எக்ஸ்போஷர் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். 15 மில்லி விநாடி வைத்தால், எல்லா வரிசையும் ஒன்றாகத் திறந்திருக்கும் 5 மில்லி விநாடி இடைவெளி கிடைக்கும். ஃப்ளாஷ் அதற்குள் அடித்து முடிய வேண்டும். எக்ஸ்போஷரை 10க்குக் கீழே வைத்தால் பொதுவான இடைவெளியே கிடையாது. படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாகவும் மற்றது இருட்டாகவும் வரும். எல்லா வரிசையும் திறந்திருப்பதை அறிவிக்கும் மின்சைகையைப் பல தொழில்துறைக் கேமராக்கள் ஒரு கம்பியில் தருகின்றன. அந்தக் கம்பியை விளக்கோடு இணைத்துவிட்டால் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்.

விளக்கு என்றதும் இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். ரோலிங் ஷட்டரில் 2 மில்லி விநாடி எக்ஸ்போஷர் வைத்தால், விளக்கு கூடிய நேரத்தில் பதிந்த வரிசைகள் வெளுத்தும், குறைந்த நேரத்தில் பதிந்தவை கறுத்தும், படம் முழுதும் பட்டை ஓடும். எக்ஸ்போஷரை 10 அல்லது 20 மில்லி விநாடி என்று வைத்தால் பட்டை மறையும், ஆனால் ஓடும் பொருள் மங்கும். குளோபல் ஷட்டரில் பட்டை வராது. ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் கறுத்தும் மாறி மாறி வரும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. அந்த இடத்துக்கென்று நிலையான நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்இடி விளக்கு வையுங்கள்.

இப்போது உங்களைத் தொழிற்சாலையிலிருந்து வெகுதூரம் அழைத்துப் போகிறேன். செவ்வாய்க் கோளுக்கு! 2021 ஏப்ரல் 19 அன்று நாசாவின் இஞ்ஜெனுவிட்டி என்ற சிறிய ஹெலிகாப்டர் அங்கே பறந்தது. வேறொரு கோளில் ஒரு விமானம் தன் விசையால் எழுந்து பறந்தது அதுவே முதல்முறை. அதில் இரண்டு கேமராக்கள். ஒன்று வண்ணக் கேமரா, 1.3 கோடி பிக்சல், செல்பேசி வகைச் சென்சார், ரோலிங் ஷட்டர். இன்னொன்று கறுப்பு வெள்ளை, 640க்கு 480 பிக்சல், அதாவது மூன்று லட்சம்தான். ஆனால் குளோபல் ஷட்டர். எந்தக் கேமராவை நம்பி அது பறந்தது என்று நினைக்கிறீர்கள்?

மூன்று லட்சம் பிக்சலை நம்பித்தான் பறந்தது! கீழே தெரியும் தரையின் புள்ளிகள் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, விநாடிக்கு 30 படம் வீதம் கணக்கிட்டுத் தன் வேகத்தை அறிந்தது. அதிர்ந்துகொண்டே பறக்கும் கருவியில் படத்தின் மேல் வரியும் கீழ் வரியும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால், அந்த நகர்வுக் கணக்கில் எதை நம்புவது? ஆகவே வழிகாட்டும் கண்ணுக்குக் குளோபல் ஷட்டர். பூமியில் உள்ள நாம் பார்த்து மகிழும் படத்துக்கு வண்ணமும் கோடிக்கணக்கான பிக்சலும். வேலைக்கு ஏற்ற கண்ணை வேலைக்குக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு மே 22 அன்று ஆறாவது பறத்தலில் ஒன்று நடந்தது. பறக்கத் தொடங்கி சுமார் 54 விநாடி ஆனபோது வழிகாட்டும் கேமராவிலிருந்து ஒரே ஒரு படம் தவறிப்போனது. ஒன்றுதான்! ஆனால் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படமும் தவறான நேர முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. படம் சரி, நேரம் தவறு. தரையைப் பார்த்து ஹெலிகாப்டர் தன்னைத் திருத்தியது. திருத்தம் பிழையாகி, 20 பாகைக்கு மேல் முன்னும் பின்னும் ஆடியது. இறங்க வேண்டிய இடத்துக்கு ஏறத்தாழ 5 மீட்டருக்குள் நல்லபடியாக இறங்கிவிட்டது. ஷட்டரில் குற்றமில்லை. என்றாலும் நான் காலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்த உதாரணம் இதுதான். இயந்திரத்துக்குக் கொடுக்கும் படத்தில் நேரம் பிசகினால், படத்தில் எவ்வளவு நயம் இருந்தும் அது உதவாது.

இவ்வளவு சொன்னதால் ரோலிங் ஷட்டரை நான் தூற்றுவதாக நினைத்துவிடாதீர்கள். அசையாத பொருளைப் பார்க்கும் இடத்தில் அதுதான் சிறந்தது. நின்று போகும் மேசையில் மின்னணுப் பலகையைப் படம் எடுப்பதானால் ரோலிங் ஷட்டரே போதும். அதே விலையில் கூடுதல் பிக்சலும் குறைந்த இரைச்சலும் கிடைக்கும். 2009இல் அறிமுகமான அறிவியல் சிமாஸ் கேமராக்கள் நுண்ணோக்கியில் ஓரிரண்டு எலக்ட்ரான் இரைச்சலோடு படம் எடுத்தது ரோலிங் ஷட்டரால்தான்.

குறை என்று நாம் ஒதுக்கியதையே கருவியாக்கியவர்களும் உண்டு. ஒளித்தகடு நுண்ணோக்கி என்று ஒன்று இருக்கிறது. மெல்லிய ஒளிக்கற்றை திசுவின் குறுக்கே மேலிருந்து கீழே நகரும். சென்சாரின் வரிசைகள் திறப்பதையும் அதே வேகத்தில் நகர வைத்தால், ஒளி எங்கே இருக்கிறதோ அந்த வரிசை மட்டும் திறந்திருக்கும். திசுவுக்குள் சிதறி வேறு இடத்தில் விழும் ஒளி மூடிய வரிசைகளில் விழுந்து வீணாகும். படம் பளிச்சென்று வரும். 2014இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அறையில் எழும் ஒலியால் ஒரு பொருளின் பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் அதிர்கிறது. விநாடிக்கு 60 படம் எடுக்கும் சாதாரணக் கேமராவால் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஆயிரம் வரிசை, ஒவ்வொரு வரிசையும் ஒரு தனிக் கணம்! அந்த வரிசைகளின் நேர வேறுபாட்டை வைத்தே, 60 படத்தால் எட்ட முடியாத அதிர்வுகளை மீட்டு, ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வரிசைகள் வெவ்வேறு நேரத்தில் பார்க்கின்றன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்தவர் கையில் அது செவியானது.

மாணவர்களே, உங்களுக்கு. இவற்றையெல்லாம் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஓடும் மின்விசிறியைச் செல்பேசியில் பளிச்சென்ற வெளிச்சத்தில் படம் எடுங்கள். இறக்கைகள் வளைந்து நிற்கும். செல்பேசியைத் திருப்பிப் பிடித்து எடுங்கள்; வளைவு மாறும். 2023 மார்ச்சில் ராஸ்பெரி பை நிறுவனம் 16 லட்சம் பிக்சல் குளோபல் ஷட்டர் கேமரா ஒன்றை 50 டாலர் விலையில் வெளியிட்டது. கல்லூரியில் ஒன்று இருந்தால் அதே விசிறியை அதிலும் எடுத்து, இரண்டு படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விசிறியின் வேகம் தெரிந்தால், வளைவை அளந்து உங்கள் செல்பேசியின் வரிசை நேரத்தையே கணக்கிட்டுவிடலாம். விவரத்தாளில் அச்சிடாத எண் அது, நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தொழில் செய்யும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேமரா விற்க வருகிறவரிடம் எத்தனை மெகாபிக்சல் என்று முதலில் கேட்காதீர்கள். என் பொருள் இந்த வேகத்தில் ஓடுகிறது, உங்கள் சென்சார் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். வேகத்தையும் அந்த நேரத்தையும் பெருக்குங்கள். வருகிற மில்லிமீட்டர் உங்களுக்குப் பொறுக்கக்கூடியதா? பொறுக்கலாம் என்றால் ரோலிங் ஷட்டரை வாங்கி, மிஞ்சிய பணத்தை நல்ல லென்ஸுக்குக் கொடுங்கள். பொறுக்காது என்றால் வெளி ஒளியைத் தடுக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் குளோபல் ரீசெட்டும் ஃப்ளாஷும். அதுவும் முடியாதென்றால் குளோபல் ஷட்டர்தான், பேரம் பேசி வாங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் கன்வேயரில், உங்கள் வேகத்தில், அளவு தெரிந்த ஒரு வட்டத் தகட்டை ஓடவிட்டு, படத்தில் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.